பழைய உழவு யந்திரத்தைப் பழுதின்றிப் பேணும் முறை

வரண்ட வலயத்தின் நெற்செய்கை காலத்தோடு கட்டுண்டது. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நீர் திறக்கும் நாளும், விதைப்பு முடிவடைய வேண்டிய நாளும் தீர்மானிக்கப்பட்டபின், அந்நாட்களுக்குள் நிலத்தைப் பண்படுத்தி முடிப்பது ஒவ்வொரு கமக்காரரின் கடமையாகும். வாய்க்காலில் நீர் ஓடி, அயல் வயல்களெல்லாம் சேறாக்கப்படும் வேளையில், ஒருவருடைய உழவு யந்திரம் மட்டும் வரம்போரத்தில் நின்றுவிடின், அவர் அடையும் இழப்பு பழுதுபார்க்கும் கூலியோடு முடிவதில்லை. பிந்தி விதைத்த வயலுக்குக் கடைசித் தண்ணீர் எட்டாமற் போகலாம். அயலிலுள்ள பயிர் முற்றியபின் பச்சையாக நிற்கும் பயிரைப் பூச்சிகள் நாடி வரும். அந்த யந்திரத்தையே கூலிக்கு நம்பியிருந்த வேறு பல குடும்பங்களின் விதைப்பும் பிந்தும்.

நம் வயல்களில் வேலை செய்யும் நாலுசில்லு உழவு யந்திரங்களுட் பல, பல ஆண்டுகள் உழைத்தவை. 1950 களின் பிற்பகுதியில் வெளிவந்த மசி பெர்குசன் 35, 1964 ஆம் ஆண்டில் வெளிவந்த மசி பெர்குசன் 135 ஆகியன இன்றும் சில இடங்களில் உழுகின்றன. 135 இலும், 1959 ஆம் ஆண்டிற்குப் பின் செய்யப்பட்ட 35 இலும் பூட்டப்பட்டது பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சினாகும். 1960 ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய ராபே நிறுவனமும் மசி பெர்குசன் மரபிலேயே தன் யந்திரங்களைச் செய்து வந்தது. இவை எளிய அமைப்புடையவை. கிராமத்து மெக்கானிக்கின் கைக்குப் பழகியவை. ஆதலால் முறையாகப் பேணப்படின், முதுமையடைந்த பின்னரும் இவை போகந்தோறும் உழைக்கும்.

2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோதும், 2022 ஆம் ஆண்டில் டீசல் கிடைக்காது கமக்காரர் வரிசையில் நின்றபோதும், கையிலிருக்கும் யந்திரத்தின் அருமை எல்லோருக்கும் விளங்கியது. புதியதொன்றை வாங்க இயலாத காலத்தில் பழையதைக் காப்பதே வழி. பழைய யந்திரத்தை அழிப்பவை தூசி, வெப்பம், நீர், அழுக்கு ஒயில் என்னும் நான்குமாம். இந்நான்கையும் தடுப்பதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒழுங்கும், நாள்தோறும் ஒரு சிறிது நேரமுமே வேண்டும்.

மணிக்கணக்கும் குறிப்புப் புத்தகமும்

தெருவில் ஓடும் வாகனத்தின் உழைப்பைக் கிலோமீற்றரில் அளப்பர். உழவு யந்திரத்தின் உழைப்பை எஞ்சின் ஓடிய மணிகளால் அளத்தல் வேண்டும். மணிக்கு 50 கிலோமீற்றர் வீதம் 200 மணி ஓடிய வாகனம் 10,000 கிலோமீற்றர் சென்றிருக்கும். நாளொன்றுக்கு 8 மணி வீதம் 25 நாள் உழுத யந்திரமும் அதே 200 மணி ஓடியதாகும். அதுவும் தூசியிலும் சேற்றிலும் முழுப் பாரத்துடன் ஓடியதாகும். பல யந்திரங்களுக்கு எஞ்சின் ஒயில் மாற்றும் தவணை 200 முதல் 250 மணி வரையிலேயே அமைந்துள்ளது. ஆகவே, ஒரே போகத்து உழவிற்குள் இத்தவணை வந்துவிடும். ‘ஆண்டுக்கு ஒரு முறை ஒயில் மாற்றினாற் போதும்’ என்று எண்ணும் கமக்காரர், தம்மை அறியாமலே எஞ்சினைத் தேயவிடுகின்றார்.

பழைய யந்திரங்களில் மணிமானி பெரும்பாலும் வேலை செய்வதில்லை. அதனால் குறையொன்றுமில்லை. ஒரு பாடசாலைக் கொப்பியே போதும். ஒவ்வொரு மாலையும் ஓடிய மணிகள், ஊற்றிய டீசல், சேர்த்த ஒயில், சேர்த்த தண்ணீர் ஆகியவற்றை அதில் எழுதுக. சாரதி வேறொருவராயின் அவரே எழுதும்படி செய்க. முன்பு வாரத்திற்கு அரைப் போத்தல் ஒயில் குடித்த எஞ்சின், இப்போது இரண்டு போத்தல் குடிக்கின்றதென்பதைக் கொப்பியே காட்டும். மனிதரின் நினைவு அதனைக் காட்டாது.

தூசி

பெரும்போக மழைக்கு முன் செய்யும் புழுதி உழவே எஞ்சினுக்கு மிகக் கொடிய வேலையாகும். வறண்ட மண்ணிலிருந்து எழும் நுண்டூசி காற்றோடு எஞ்சினுட் புகுந்தால், சிலிண்டரையும் பிஸ்ரன் வளையங்களையும் அரத்தால் அராவுவது போலத் தேய்த்துவிடும். அதனைத் தடுப்பது காற்று வடிகட்டி ஒன்றே.

பழைய யந்திரங்களில் உள்ளது ஒயில் தொட்டியுள்ள வடிகட்டியாகும். புழுதி உழவின்போது இதனை நாள்தோறும் கழற்றிப் பார்த்தல் வேண்டும். அடிக்கிண்ணத்தில் சேறு படிந்திருப்பின், ஒயிலை அகற்றி, கிண்ணத்தை டீசலாற் கழுவித் துடைத்து, புதிய எஞ்சின் ஒயிலைக் குறியீட்டுக் கோடு வரை விடுதல் வேண்டும். கோட்டுக்கு மேல் விடலாகாது. மிகுந்த ஒயிலை எஞ்சின் உறிஞ்சுமாயின், அதுவே எரிபொருளாகி, எஞ்சின் கட்டுமீறி ஓட இடமுண்டு.

வடிகட்டி சுத்தமாயிருந்தும், அதிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் இறப்பர்க் குழாய் வெடித்திருப்பின் பயனில்லை. இதனைச் சோதிக்க எளிய வழியொன்று உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது, வடிகட்டியின் காற்று வாயைப் பலகைத் துண்டொன்றால் இறுக மூடுக. எஞ்சின் உடனே திணறி நிற்றல் வேண்டும். நில்லாது தொடர்ந்து ஓடுமாயின், வேறெங்கோ உள்ள வெடிப்பினூடாகக் காற்றும் தூசியும் புகுகின்றன என்பது தெளிவு. குழாயையும் அதன் கிளிப்புகளையும் உடனே மாற்றுதல் வேண்டும்.

எஞ்சின் ஒயில்

காலையில் எஞ்சினை இயக்குமுன், யந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி ஒயில் அளவுகோலைப் பார்த்தல் முதல் வேலையாகும். அளவோடு நிறத்தையும் மணத்தையும் நோக்குதல் வேண்டும். டீசல் எஞ்சினின் ஒயில் கறுப்பது இயல்பே, அது குற்றமன்று. ஒயில் பால் கலந்த தேநீர் போலத் தோன்றினால், தண்ணீர் கலந்துள்ளது என்பது பொருள். ஒயில் மட்டம் தானாக உயர்ந்து, நீர்த்து, டீசல் மணம் வீசினால், டீசலைத் தூக்கும் சிறு பம்பின் தகடு கிழிந்து டீசல் உள்ளே ஒழுகக்கூடும். இவ்விரண்டில் எது காணப்படினும் எஞ்சினை ஓட்டலாகாது. மெலிந்த ஒயிலோடு ஓடும் எஞ்சினின் பெயரிங்குகள் விரைவில் அழியும். சிறு பம்பின் விலையோடு முடியவேண்டிய செலவு கிராங்கைக் கடையும் செலவாக வளரும்.

ஒயில் மாற்றும்போது ஒயில் வடிகட்டியையும் சேர்த்து மாற்றுக. எஞ்சின் சூடாயிருக்கும்போதே பழைய ஒயிலை வடியவிடின் அழுக்கு முழுவதும் வெளியேறும். பழைய ஒயிலை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ ஊற்றலாகாது. சுண்ணக்கல் நிலமான யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலத்தில் ஊற்றியது குடிநீரை எளிதிற் சென்றடையும்.

புகையின் நிறமும் எஞ்சினின் நிலையைக் கூறும். பாரமின்றியே கரும்புகை வருமாயின், காற்று போதவில்லை அல்லது நொசில் டீசலைச் சரியாகத் தூவவில்லை என்று கொள்க. நீலப்புகை ஒயில் எரிவதைக் காட்டும். சூடேறிய பின்னரும் வெண்புகை நீங்காதிருப்பின், டீசல் முழுதும் எரியவில்லை அல்லது தண்ணீர் புகுகின்றது எனலாம். வால்வு இடைவெளி தவறினாலும் எஞ்சின் வலுவிழக்கும். பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சினில், எஞ்சின் ஆறியிருக்கும்போது இவ்விடைவெளி 0.012 அங்குலம், அதாவது 0.30 மி.மீ. ஆகும். ஆண்டுக்கொரு முறை மெக்கானிக்கைக் கொண்டு இதனைச் சரிபார்த்தல் நன்று.

தண்ணீரும் வெப்பமும்

வரண்ட வலயத்துக் கிணற்று நீர் பல இடங்களில் வன்னீராகும். கேத்திலின் அடியில் வெண்படை பிடிப்பது போல, றேடியேற்றரினதும் எஞ்சினதும் உட்புறத்திலும் இந்நீர் படை பிடிக்கும். படை தடித்தால் வெப்பம் வெளியேறாது. ஆதலால் கூரையிலிருந்து பிடித்து வடித்த மழைநீரைப் பயன்படுத்துவதே சிறந்தது. துருவைத் தடுக்கும் கூலன்ற் சேர்க்க இயலுமாயின் மேலும் நன்று.

றேடியேற்றரின் இடுக்குகளில் வைக்கோற் றூளும் புல் விதையும் அடைத்துக்கொள்ளும். எஞ்சின் ஆறியபின், விசிறிப் பக்கமிருந்து முன்னோக்கி மெல்லிய தாரையாக நீர் பாய்ச்சின் இவை வெளியேறும். விசிறிப் பெல்ற்றின் நடுவிற் பெருவிரலால் அழுத்தினால், அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரையே அது தாழ்தல் வேண்டும். மிகத் தளர்ந்தால் வழுக்கும். மிக இறுகினால் தண்ணீர்ப் பம்பின் பெயரிங்கை அழிக்கும்.

எஞ்சின் கொதித்துவிட்டால், பாரத்தை விடுவித்துச் சிறிது நேரம் மெதுவாக ஓடவிட்டுப் பின் நிறுத்துக. தண்ணீர் முற்றாக வெளியேறியிருப்பின் உடனே நிறுத்துக. சூட்டோடு மூடியைத் திறந்து முகத்திலும் கையிலும் வெந்தவர் பலர். நன்கு ஆறியபின், ஈரச் சாக்கினால் மூடியைப் பிடித்துச் சிறிது சிறிதாகத் திறத்தல் வேண்டும். சூடான வெறும் எஞ்சினுக்குள் குளிர்நீரை ஊற்றினால் சிலிண்டர் தலை வெடிக்கும்.

டீசல்

டீசல் பம்பும் நொசில்களும் மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியுடன் செய்யப்பட்டவை. ஒரு துளி நீரும் ஒரு சிட்டிகை மண்ணும் இவற்றைக் கெடுக்கப் போதுமானவை. பீப்பாவிற் சேமித்த டீசலை ஒரு நாளாவது அசையாது தெளியவிட்டு, அடியிலுள்ளதை விட்டு மேலுள்ளதை மட்டும் எடுத்து, துணியால் வடித்து ஊற்றுக. தாங்கியைக் காலையில் நிரப்புவதிலும் மாலையில் வேலை முடிந்தவுடன் நிரப்புவதே மேல். வெறுந்தாங்கியில் இரவுக் குளிரால் நீர்த்துளிகள் படியும். நிறைந்த தாங்கியில் அவை படிய இடமில்லை.

விலை குறைவென்று மண்ணெண்ணெய் கலப்பது பெருந்தவறு. இவ்வகைப் பம்பின் உள்ளுறுப்புகளுக்கு டீசலே மசகாகும். மண்ணெண்ணெய்க்கு அக்குணம் போதாது. சேமித்த சில ரூபாய்கள் பம்பைப் பழுதுபார்க்கும் செலவில் பன்மடங்காகத் திரும்பிவிடும்.

டீசல் முடிந்தோ வடிகட்டி மாற்றியோ குழாயிற் காற்றுப் புகுந்தால் எஞ்சின் இயங்காது. வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகாணியைத் தளர்த்தி, சிறு பம்பின் நெம்பைக் கையால் இயக்கி, குமிழியின்றி டீசல் வரும்வரை விட்டுப் பின் இறுக்குதல் வேண்டும். அவ்வாறே டீசல் பம்பின் திருகாணியிலும் செய்க. ஒவ்வொரு சாரதியும் இதனை ஒரு முறையேனும் மெக்கானிக்கிடம் செய்து பழகியிருத்தல் வேண்டும்.

சேற்று வேலை

சேறடிக்கும்போது முன்சில்லுகளின் அச்சும் பெயரிங்குகளும் சேற்றில் மூழ்குகின்றன. நாள்தோறும் மாலையில் எல்லா நிப்பிள்களிலும் கிறீஸ் அடித்தல் வேண்டும். பழைய அழுக்குக் கிறீசும் சேற்று நீரும் வெளியேறி, புதிய கிறீஸ் தோன்றும் வரை அடிப்பதே முறை. கிறீஸ் ஏற மறுக்கும் நிப்பிளைக் கழற்றிச் சுத்தஞ் செய்க அல்லது மாற்றுக. அதனை அப்படியே விடலாகாது.

மசி பெர்குசன் யந்திரங்களில் கியர்ப்பெட்டி, பின்னச்சு, ஹைட்றோலிக் தூக்கி ஆகியவற்றிற்கு ஒரே ஒயிலே உதவுகின்றது. கியர் நெம்பின் அடியிலுள்ள இறப்பர் உறை கிழிந்து, யந்திரமும் மழையில் நிற்குமாயின், அவ்வழியே நீர் இறங்கி இவ்வொயில் முழுவதையும் கெடுக்கும். தூக்கி கலப்பையை உயர்த்தத் தாமதிப்பதும், முனகுவதும் இதன் அறிகுறிகளாகலாம். மலிவான இறப்பர் உறையொன்றை மாற்றாமையால் பல லீற்றர் ஒயிலும் பம்பும் கெடுகின்றன.

உயிர்க்காப்பு

பழைய யந்திரத்தில் நேரும் சில குறைகள் பணத்தை மட்டுமன்றி உயிரையும் கொள்வன.

பின்னச்சின் ஒயில் சீல் கசிந்தால் ஒரு பக்கத்துப் பிரேக்கில் ஒயில் படியும். அப்போது பிரேக்கை மிதித்ததும் யந்திரம் ஒருபுறம் இழுக்கும். பாரப் பெட்டியுடன் குளக்கட்டில் செல்லும்போது இது நேர்ந்தால் விளைவு சொல்லத் தேவையில்லை. தெருவில் ஓடும்போது இரு பிரேக் மிதிகளையும் ஒன்றாகப் பூட்டிவைத்தல் வேண்டும். வயலில் மட்டுமே தனித்தனியாகப் பயன்படுத்தலாம்.

ஸ்ராட்டர் இயங்காதபோது, சில சாரதிகள் பின்சில்லுக்கு முன்னே நின்றுகொண்டு ஸ்ராட்டரின் முனைகளைத் திருப்புளியாற் தொட்டு எஞ்சினை இயக்குவர். கியர் நடுநிலையில் இருந்தாலன்றி ஸ்ராட்டர் இயங்காதவாறு செய்யப்பட்ட காப்பை இச்செயல் வீணாக்குகின்றது. யந்திரம் கியரில் இருப்பின், தொட்டவரின் மேலேயே சில்லு ஏறிவிடும். பற்றரி முனைகளைச் சுத்தஞ் செய்து, வயரையும் சுவிச்சையும் திருத்தினால் இவ்வாபத்துக்கு இடமிராது.

சுழல் கலப்பைக்கு விசை கொடுக்கும் தண்டின் மூடுறை கழன்றிருப்பின், எஞ்சின் ஓடும்போது சாரத்துடன் அதன் அருகே செல்லலாகாது. சுழலும் தண்டு துணியைப் பற்றினால் ஆளை விடாது. இரவில் பெட்டியுடன் செல்லும் யந்திரத்திற்குப் பின்விளக்கும், பெட்டியின் பின்புறத்தில் ஒளி தெறிக்கும் தகடும் இன்றியமையாதன.

கிளச் மிதியின்மேற் காலை வைத்தபடி ஓட்டும் பழக்கத்தையும் விடுதல் வேண்டும். மிதியில் சிறிது வெற்றசைவு இல்லாவிடின் கிளச் தட்டு வழுக்கித் தேயும்.

இரு போகங்களுக்கிடையே

யந்திரங்கள் மிகுதியாகக் கெடுவது வேலையற்றுக் கிடக்கும் காலத்திலாகும். உழவு முடிந்ததும் யந்திரத்தைக் கழுவி, காயவிட்டு, கிறீஸ் அடித்து, டீசல் தாங்கியை நிரப்பி, கூரையின் கீழ் நிறுத்துக. கூரையில்லாவிடின் நிமிர்ந்த புகைக்குழாயின் வாயை ஒரு தகரப் பேணியாலாவது மூடுக. திறந்த குழாயினூடு இறங்கும் மழைநீர் சிலிண்டரைத் துருப்பிடிக்கச் செய்யும். இயக்குமுன் பேணியை எடுத்துவிடுதல் வேண்டும். பற்றரியின் தகடுகள் மூழ்குமளவுக்குக் காய்ச்சி வடித்த நீரை விட்டு, முனைகளில் வசிலின் பூசுக. இரு வாரத்துக்கு ஒரு முறை எஞ்சின் நன்கு சூடேறும்வரை ஓடவிடுக.

பெரும்போகத்திற்கான பெரிய சோதனையை ஆவணி மாதத்திலும், சிறுபோகத்திற்கானதைப் பங்குனி மாதத்திலும் செய்தல் பொருத்தம். நீர் திறந்தபின் மெக்கானிக்கைத் தேடுவோர் பலராவர். அதற்கு முன் அவர் ஆறுதலாக வேலை செய்வார். உதிரிப்பாகங்களைத் தேடி எடுக்கவும் காலமுண்டு. விசிறிப் பெல்ற், டீசல் வடிகட்டி, ஒயில் வடிகட்டி, தண்ணீர்க் குழாய்கள், கிளிப்புகள், சில செம்பு வாசர்கள் ஆகியவற்றை முன்னரே வாங்கி ஒரு பெட்டியில் வைத்துக்கொள்க.

சுருக்க அட்டவணை

நாள்தோறும்: எஞ்சின் ஒயில், தண்ணீர், காற்று வடிகட்டி, ரயர்க் காற்று, கசிவுகள் ஆகியவற்றைப் பார்த்தல். சேற்று வேலையில் கிறீஸ் அடித்தல். கொப்பியில் எழுதுதல்.

வாரந்தோறும்: விசிறிப் பெல்ற், பற்றரி நீர், பிரேக், கிளச் ஆகியவற்றைப் பார்த்தல். சில்லு நட்டுகளை இறுக்குதல். டீசல் வடிகட்டியின் அடியிலுள்ள நீரை வடித்தல்.

200 முதல் 250 மணிக்கு ஒரு முறை: எஞ்சின் ஒயிலும் அதன் வடிகட்டியும் மாற்றுதல். புழுதி உழவு மிகுந்தால் இதற்கு முன்னரே மாற்றுதல்.

ஏறக்குறைய 500 மணிக்கு ஒரு முறை: டீசல் வடிகட்டிகளை மாற்றிக் காற்றை அகற்றுதல்.

ஆண்டுக்கு ஒரு முறை: கியர்ப்பெட்டி ஒயில், வால்வு இடைவெளி, நொசில்கள் ஆகியவற்றைச் சோதித்தல். றேடியேற்றரைக் கழுவி நீர் மாற்றுதல்.

யந்திரத்தின் கைந்நூல் கிடைக்குமாயின் அதிலுள்ள தவணைகளையே பின்பற்றுக.

எல்லாப் பழுதையும் தடுத்தல் இயலாது. தேய்ந்த எஞ்சின் ஒரு நாள் பிரித்துச் செய்யப்பட வேண்டியதே. ஆயினும் அந்நாள் எது என்பதைக் கமக்காரரே தெரிவு செய்யலாம். கொப்பியில் ஒயிற் செலவு ஏறிவருவதையும், சூட்டில் ஒயில் அழுத்தமானி தாழ்வதையும் கண்டவர், அறுவடைப் பணம் கையில் உள்ளபோது, வயலில் வேலையற்ற மாதத்தில் எஞ்சினைப் பிரிப்பார். காணாதவர், நீர் வந்த வாரத்தில், கடன் வாங்கிப் பிரிப்பார். இரண்டிலும் எஞ்சின் ஒன்றே, மெக்கானிக்கும் ஒருவரே. முன்னவருக்குப் போகம் கைகூடும். பின்னவருக்கு அது தவறிவிடும். ஆவணி பிறக்குமுன் கமக்காரர் ஒவ்வொருவரும் ஒரு கொப்பியை எடுத்து, அதன் முதற் பக்கத்தில் தம் யந்திரத்தின் இன்றைய நிலையை எழுதித் தொடங்குவாராக.